ஒயில் போடத் தேவையில்லாத செயின்: தபால் ஊழியர் ஒருவரின் கேள்வியும் பொறியியலாளர் பதிலும்

பொகவந்தலாவைப் பக்கத்திலிருந்து எழுதியிருக்கும் வாசகர், நீண்ட காலமாகத் தோட்டப் பிரிவுகளுக்குத் தபால் விநியோகித்து வருபவர். கியர் இல்லாத, இரும்புத் தண்டு பிரேக் கொண்ட பழைய பெரிய சைக்கிள்தான் அவருடைய வண்டி. பள்ளத்தாக்கின் சமதரையில் மிதித்தும், லயங்களுக்கு ஏறும் பாதைகளில் தள்ளியும் போகிறார். மழைக்காலத்தில் செயின் இரண்டே நாளில் சிவந்துவிடுகிறது, ஒயில் போட்டால் காற்சட்டை கறையாகிறது, ஒருமுறை பதிவுத் தபாலொன்றின் மேலேயே கறுப்பு விரலடையாளம் விழுந்து, பெற்றுக்கொண்டவர் முகம் சுளித்தார் என்று எழுதுகிறார். ஹட்டனிலுள்ள கடையொன்றில், "தானே ஒயில் விட்டுக்கொள்ளும், ஆயுளுக்கும் கை வைக்க வேண்டியதில்லை" என்ற உறுதியுடன் ஒரு செயினைக் காட்டி, சாதாரண செயினைப்போல் நான்கு மடங்கு விலை கேட்டிருக்கிறார்கள். கட்டாரில் பொதியிடும் தொழிற்சாலையொன்றில் வேலை செய்யும் அவருடைய மைத்துனர், அங்கே இத்தகைய செயின்கள் ஒயிலே காணாமல் ஆண்டுக்கணக்கில் ஓடுவதாகச் சொல்கிறார். வழக்கமாக வண்டி பார்க்கும் சைக்கிள் பாஸோ, "அதெல்லாம் ஏமாற்று" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார்.

இப்போது அவர் வாரந்தோறும் செயினைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பிறகு தேங்காயெண்ணெயோ, லொறி கராஜிலிருந்து கிடைக்கும் பழைய ஒயிலோ போடுகிறாராம். அந்தச் செயினை வாங்கலாமா, உயர்தரம் படிக்கும் மகளின் 18 கியர் சைக்கிளுக்கும் ஒன்று சேர்த்து வாங்கலாமா, கடைக்காரர் சொன்னபடி நடக்காவிட்டால் பணத்தைத் திருப்பிக் கேட்க முடியுமா என்பன அவருடைய கேள்விகள்.

ஐயா, முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் வண்டிக்கு அந்தச் செயின் பொருந்தக்கூடும். ஆனால் நீங்கள் ஓடும் பாதைக்கும் அவர்கள் கேட்கும் விலைக்கும் அது தகாது. மகளின் வண்டிக்கு அது பொருந்தவே பொருந்தாது. உங்கள் மைத்துனர் சொல்வது முழு உண்மை, பாஸ் சொல்வது பாதி உண்மை. இரண்டும் எப்படி ஒன்றாக உண்மையாக இருக்க முடியும் என்பதற்குச் செயினின் உள்ளமைப்பைச் சற்றுப் பார்க்க வேண்டும்.

தேய்வது எங்கே?

1880இல் மான்செஸ்டரில் ஹான்ஸ் ரெனால்ட் உருவாக்கிய அமைப்பையே உங்கள் செயின் இன்றும் கொண்டிருக்கிறது. வெளித்தகடுகள் இரண்டையும் ஓர் ஆணி இணைக்கிறது. அந்த ஆணி, உள்தகடுகளோடு பொருத்தப்பட்ட ஒரு சிறு குழாய்க்குள் திரும்புகிறது. இந்தக் குழாயைத்தான் பாஸ்மார் புஷ் என்கிறார்கள். அதற்கு வெளியே உருளை இருக்கிறது. கண்ணி ஒவ்வொன்றும் பற்சில்லில் ஏறும்போதும் இறங்கும்போதும் ஆணி அந்தப் புஷ்ஷுக்குள் சுமையோடு சிறிது திரும்புகிறது, செயினின் உண்மையான தேய்வு அங்கேதான் நடக்கிறது. "செயின் இழுபட்டுவிட்டது" என்று நாம் சொன்னாலும் தகடுகள் நீள்வதில்லை. ஆணியும் புஷ்ஷும் தேய்ந்து, ½ அங்குலமாக, அதாவது 12.7 மில்லிமீற்றராக, இருக்க வேண்டிய கண்ணி இடைவெளி சற்றுக் கூடுகிறது. ஒரு கண்ணியில் 0.13 மில்லிமீற்றர் கூடினாலே அது நூற்றுக்கு ஒரு பங்கு நீட்சி, அதற்கு முன்பே செயினைக் கழற்றி எறிந்திருக்க வேண்டும்.

ஆகவே ஒயில் போய்ச் சேர வேண்டிய இடம் வெளியிலிருந்து கண்ணுக்குத் தெரியாத அந்த ஆணிக்கும் புஷ்ஷுக்கும் நடுவேயுள்ள இடுக்கு மட்டுமே. உங்கள் காற்சட்டையைக் கறையாக்குவது அங்கே இருக்கும் ஒயில் அன்று. தகடுகளின் வெளிப்புறத்தில் வேலையெதுவும் இல்லாமல் தங்கி, தேய்ந்த இரும்புத் தூளையும் பாதைச் சேற்றையும் பிடித்துக்கொண்ட ஒயில்தான் அது.

மைத்துனர் கண்ட செயின்

அவர் கண்டது பெரும்பாலும் நுண்துளைப் புஷ் கொண்ட தொழிற்சாலைச் செயினாக இருக்கும். இரும்புத் தூளை அச்சில் அழுத்தி, உருகாத அளவு வெப்பத்தில் சுட்டு, உள்ளே பஞ்சுபோல் நுண்துளைகள் இருக்கும்படி அந்தப் புஷ்ஷைச் செய்கிறார்கள். பின்பு அந்தத் துளைகளிலிருந்து காற்றை வெளியேற்றி ஒயிலை ஏற்றுகிறார்கள். செயின் ஓடும்போது உராய்வில் புஷ் சூடேற, ஒயில் விரிந்து ஆணியின் மேல் கசிகிறது. ஓட்டம் நின்று குளிர்ந்ததும் அதில் ஒரு பகுதி மீண்டும் துளைகளுக்குள் இழுக்கப்படுகிறது. உணவுப்பொதியிலோ கடதாசியிலோ ஒரு சொட்டு ஒயில் விழுந்தாலும் சரக்கே வீணாகிவிடும் இடங்களுக்காக அமைந்த செயின் இது. அங்கே இயந்திரம் கூரைக்குக் கீழே, ஒரே சீராக, மணிக்கணக்கில் ஓடுகிறது, செயினும் தேவையான அளவு சூடேறுகிறது.

உங்கள் சைக்கிளில் இந்த நிலைமைகளில் எதுவும் இல்லை. நிமிடத்துக்கு ஐம்பது அறுபது சுற்று மிதித்து, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இறங்கி, மலைக்குளிரில் வண்டியைத் தள்ளிக்கொண்டு போகும்போது புஷ் சூடேறுவதற்கு வழியே இல்லை. ஆகவே ஒயிலும் மிகக் குறைவாகவே வெளிவரும். சுமையோ அதிகம். உங்கள் முன் பற்சில்லு 46 பற்கள் கொண்டதென்று வைத்துக்கொண்டால் அதன் ஆரை ஏறத்தாழ 93 மில்லிமீற்றர், பெடலைத் தாங்கும் தண்டான கிராங்கின் நீளம் வழக்கமாக 170 மில்லிமீற்றர். எழுபது கிலோ எடையுள்ள ஒருவர் கிராங் கிடையாக இருக்கும்போது பெடலில் எழுந்து நின்றால், செயினில் விழும் இழுவை ஏறத்தாழ 128 கிலோ எடைக்குச் சமம். மெதுவான ஓட்டமும் கனத்த இழுவையும் சேரும்போது ஆணியைப் புஷ்ஷிலிருந்து பிரித்துவைக்கும் ஒயில் படலம் சரியாக உருவாவதில்லை. நுண்துளைப் புஷ் திண்மமான உருக்குப் புஷ்ஷைவிட வலிமை குறைந்தது என்பதையும் இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

எல்லாவற்றிலும் பெரிய தடை நீர். வைகாசி தொடக்கம் புரட்டாசி வரை உங்கள் பக்கத்தில் பெய்யும் மழையையும், அதோடு முன்சக்கரம் வாரியடிக்கும் செம்மண் நீரையும் இந்தச் செயின் எதிர்பார்க்கவில்லை. நீரும் மணலும் தெறிக்கும் இடத்துக்கு இது உகந்ததன்று. துரு பற்றிய உங்கள் முறைப்பாடும் இதனால் தீராது: புஷ்ஷுக்குள் ஒயில் இருந்தாலும் வெளித்தகடுகள் வெறும் உருக்காகவே இருக்கும், நிக்கல் அல்லது நாகப்பூச்சு இல்லாவிட்டால் அவை முன்போலவே சிவக்கும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். வாரந்தோறும் மண்ணெண்ணெயில் ஊறவைக்கும் உங்கள் வழக்கத்தை இந்தச் செயினுக்கும் செய்தீர்களானால், நான்கு மடங்கு விலை கொடுத்து வாங்கிய அந்த ஒயில் முதல் வாரத்திலேயே மண்ணெண்ணெயோடு கரைந்து வாளிக்குப் போய்விடும்.

அப்படியானால் இது யாருக்குப் பயன்படும் என்று கேட்பீர்கள். கூரைக்குள் நிற்கும் வண்டிக்கும், முழுக் கவசம் உள்ள வண்டிக்கும், யாரும் ஒயில் போட மாட்டார்கள் என்று தெரிந்தே வாடகைக்கு விடப்படும் வண்டிக்கும், வறண்ட சமவெளியில் இது ஒரு நியாயமான தெரிவு. பாஸ் அதை ஏமாற்று என்று ஒதுக்கியதை அதனால்தான் பாதி உண்மை என்றேன்.

மகளின் கியர் சைக்கிள்

இங்கே தயங்க எதுவும் இல்லை. கியர் சைக்கிளின் செயின் பக்கவாட்டில் வளைந்து ஒரு சில்லிலிருந்து மற்றொரு சில்லுக்குத் தாவ வேண்டும். அதற்காக 1980களிலிருந்து பரவலாகிய அமைப்பில் தனியான புஷ்ஷே கிடையாது. உள்தகடுகளின் துளை விளிம்பையே சற்று உள்நோக்கி மடித்து, இரு பக்கத்திலிருந்தும் அரைக் குழாய் போல் ஆக்கியிருப்பார்கள். ஒயிலைத் தாங்கி வைத்திருக்க வேண்டிய அந்தக் குழாய் இல்லாத செயினை, நுண்துளைப் புஷ் செயின் என்று எவரும் விற்க முடியாது. உங்களுக்குக் காட்டிய செயின் உண்மையிலேயே புஷ் உள்ளதாக இருந்தால், உள்ளகலம் 1/8 அங்குலமாக இருக்கும். மகளின் வண்டிக்கு வேண்டியது 3/32 அங்குலம். தடித்த செயின் பக்கத்துச் சில்லில் உரசும், கியர் ஒழுங்காக மாறாது. அந்த வண்டிக்கு 6, 7 வேகத்துக்குரிய, அதாவது பின்னால் ஆறு அல்லது ஏழு சில்லு உள்ள வண்டிகளுக்கான, சாதாரண செயினே போதும். அரைக் குழாய்களுக்கு இடையே ஒரு சிறு இடைவெளி இருப்பதால், போடும் ஒயில் உள்ளே போவதும் அதில் எளிது.

ஒரே பெயரில் விற்கப்படும் வேறு பொருட்கள்

கடையில் நீங்கள் பார்த்தது நுண்துளைப் புஷ் செயின்தானா என்பதே எனக்குச் சந்தேகம். வழுக்கும் தன்மையுள்ள டெப்லோன் வகைப் பூச்சுப் பூசிய செயின்களும், நிக்கல் அல்லது நாகப்பூச்சு உள்ள துருப்பிடிக்காத செயின்களும், தொழிற்சாலையிலேயே கிறீஸ் ஏற்றி அனுப்பப்படும் சாதாரண செயின்களும் "ஒயில் தேவையில்லை" என்ற சொல்லோடு விற்கப்படுகின்றன. துருப்பிடிக்காமை வேறு, உராயாமை வேறு. பளபளக்கும் செயின் உள்ளே வறண்டு கிரீச்சிட்டுக்கொண்டே இருக்கலாம். ஆணியும் புஷ்ஷும் உரசும் இடத்திலேயே அந்தப் பூச்சும் முதலில் தேய்ந்துபோகும். மோட்டார் சைக்கிள்களில் இரப்பர் வளையத்தால் கிறீஸை அடைத்து வைக்கும் செயின்கள் உண்டு. அவை உண்மையிலேயே நன்றாக உழைக்கும். சிறிய மோட்டார் சைக்கிள்களின் 428 செயினும் ½ அங்குல இடைவெளி கொண்டதே என்பதால் அதை மாட்டிப் பார்க்கலாமென்று யாராவது உங்களுக்குச் சொல்லக்கூடும். அதன் உள்ளகலம் 5/16 அங்குலம், எடையும் அதிகம். சைக்கிள் பற்சில்லில் அது ஆடிக்கொண்டிருக்கும். அந்த யோசனையை விட்டுவிடுங்கள்.

தேங்காயெண்ணெய், பழைய ஒயில், மண்ணெண்ணெய்

உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகக் கவலை தந்தது இந்தப் பகுதிதான். தேங்காயெண்ணெய் ஏறத்தாழ 24 பாகைச் செல்சியசுக்குக் கீழே உறைந்துவிடும். உங்கள் வீட்டுச் சமையலறையில் காலையில் போத்தலைக் கவிழ்த்துப் பாருங்கள், வெள்ளையாகக் கட்டிப்பட்டு விழ மறுக்கும். நீங்கள் தபால் பையுடன் புறப்படும் நேரத்தில் உங்கள் செயினுக்குள்ளும் அதே நிலைதான். லொறியின் பழைய ஒயிலில் இயந்திரத்திலிருந்து தேய்ந்து வந்த உலோகத் துகளும் கரியும் கலந்திருக்கின்றன, அடிக்கடி தோலில் படுவதும் நல்லதன்று. உங்கள் காற்சட்டைக் கறை அவ்வளவு கறுப்பாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

புதிய செயினை மண்ணெண்ணெயில் கழுவவே வேண்டாம். தொழிற்சாலையில் உள்ளே ஏற்றிய கிறீஸ்தான் அதற்குக் கிடைக்கக்கூடிய மிகச் சிறந்த மசகு. வெளியே ஒட்டியிருப்பதை மட்டும் துணியால் துடைத்துவிட்டு மாட்டினால் போதும். பழைய செயினில் சேறு இறுகிப்போயிருந்தால் எப்போதாவது ஒருமுறை மண்ணெண்ணெய் போடலாம், ஆனால் அது முழுக்க உலரும்வரை விட்டு, பின்பு ஒயில் போட வேண்டும். உலராமல் போட்டால் புது ஒயிலும் நீர்த்துப்போய் ஒழுகிவிடும்.

எந்த ஒயில் என்று கேட்டால், கடையில் சைக்கிள் செயினுக்கென்று விற்கும், மழைக்குத் தாங்கும் ஒயில் நல்லது. அது கிடைக்காவிட்டால் புதிய என்ஜின் ஒயிலைச் சிறு போத்தலொன்றில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தையல் மெஷின் எண்ணெய் உள்ளே நன்றாகப் போகும், ஆனால் உங்கள் பக்கத்து மழை அதை ஒரே நாளில் கழுவிவிடும்.

வேலை முடிந்து வந்த இரவிலேயே ஒயில் போடுங்கள். முதலில் செயினைத் துணிக்குள் பிடித்து, பெடலைப் பின்னோக்கிச் சுற்றி நீரையும் சேற்றையும் துடையுங்கள். பிறகு கீழ்ப்பக்கமாக ஓடும் பகுதியில், ஒவ்வோர் உருளையின் மீதும் ஒரே ஒரு சொட்டு, உருளையும் தகடும் சந்திக்கும் விளிம்பில் விழும்படி விடுங்கள். செயினின் இரு முனைகளையும் இணைக்கும் பூட்டுக் கண்ணியில் தொடங்கினால் எங்கே முடிப்பது என்று குழப்பம் வராது. இருபது சுற்றுப் பின்னோக்கிச் சுற்றிவிட்டுப் படுத்துக்கொள்ளலாம். காலையில் உலர்ந்த துணியால் வெளிப்புறத்தை, இனித் துடைக்க எதுவுமில்லை என்னும் அளவுக்குத் துடைத்துவிட வேண்டும். பலர் இந்தத் துடைப்பைத்தான் விட்டுவிடுகிறார்கள், காற்சட்டையும் பதிவுத் தபாலும் கறையாவது அதனால்தான். மழை மாதங்களில் வாரம் ஒருமுறையும், முழுக்க நனைந்த நாளிலும், வறண்ட மாதங்களில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறையும் செய்தால் போதுமானது.

அந்தப் பணத்தை வேறெதில் போடலாம்?

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் வுல்வர்ஹாம்ப்டனில் செய்யப்பட்ட சன்பீம் சைக்கிள்களில், செயின் முழுவதையும் மூடிய பெட்டிக்குள் ஒரு சிறு ஒயில் தொட்டி இருந்தது. மழை மிகுந்த நாட்டில் செயினைக் காப்பாற்றுவதற்கு, அதற்கு நீரையும் மணலையும் காட்டாமலிருப்பதே வழி என்பதை அவர்கள் கண்டுகொண்டிருந்தார்கள். உங்களுடையது போன்ற பெரிய சைக்கிளுக்கு முழுச் செயின் கவர் ஒன்றைத் தகரவேலை செய்பவர் எவரும் செய்து தரலாம். அடியில் நீர் வடிய ஒரு துளையும், ஒயில் விடுவதற்குத் திறந்து மூடும் ஒரு சிறு கதவும் வைக்கச் சொல்லுங்கள். முன் மட்கார்டின் அடியில் பழைய டியூப் துண்டொன்றைத் தரையிலிருந்து நாலு விரல் உயரம்வரை தொங்கவிட்டால், முன்சக்கரம் பற்சில்லின் மேல் வாரியடிக்கும் சேற்றில் பெரும்பகுதி நின்றுவிடும். இதற்கு ஒரு சதமும் செலவில்லை, நான் உங்களுக்குச் சொல்லும் யோசனைகளில் இதை முதலில் செய்யுங்கள்.

கூடவே ஓர் உருக்கு அடிமட்டத்தை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். செயினை இறுக்கமாக வைத்து, ஓர் ஆணியின் நடுவில் தொடங்கி 24 கண்ணிகளை அளந்தால், புதிய செயினில் சரியாக 12 அங்குலம் வரும். 1/16 அங்குலம் கூடியிருந்தால் செயினை மாற்றும் நேரம் வந்துவிட்டது. 1/8 அங்குலம் கூடும்வரை விட்டால் பற்சில்லுகளையும் சேர்த்து மாற்ற வேண்டி வரும். சாதாரண செயினை இந்த அளவில் உரிய நேரத்தில் மாற்றிக்கொண்டு வந்தால், அந்த ஒரு விசேட செயினின் விலைக்கு நான்கு சாதாரண செயின் ஓடும், பற்சில்லும் பிழைக்கும். விசேட செயினும் ஒருநாள் தேயும். ஒயிலைப்போல் அளவையும் மறந்துவிட்டால், பற்சில்லைத் தின்ற பிறகே அது உங்களுக்குத் தெரியவரும்.

பணத்தைத் திருப்பிக் கேட்பது

சட்டம் என் துறையன்று. ஆனாலும் அடிப்படை தெளிவானது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் 30ஆம் பிரிவு, நுகர்வோரைத் தவறாக வழிநடத்தும் அல்லது ஏமாற்றும் நடத்தையை வியாபாரிகளுக்குத் தடைசெய்கிறது. முறைப்பாட்டை எழுத்தில், பொருளை வாங்கிய மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் அதிகாரசபையோடு பேசலாம். மூன்று மாத எல்லை இங்கே உங்களுக்குப் பாதகமானது, ஏனென்றால் செயின் தேய்ந்துவிட்டது என்று நீங்கள் உணர்வதற்குள் அந்தக் காலம் கடந்துவிடக்கூடும். எனவே இவ்வளவையும் படித்த பிறகும் வாங்கியே தீருவதென்று முடிவெடுத்தால், பற்றுச்சீட்டில் செயினின் பெயரையும் அளவையும், "ஒயில் போடத் தேவையில்லை" என்ற வாசகத்தையும் கடைக்காரர் கையாலேயே எழுதி வாங்குங்கள். வாய்வார்த்தையை மட்டும் வைத்துக்கொண்டு வாதாடுவது கடினம்.

எந்தச் செயினை மாட்டினாலும், உங்கள் வண்டியின் பூட்டுக் கண்ணியிலுள்ள சிறு வில்லுக் கிளிப்பைக் கவனமாகப் பாருங்கள். அதன் மூடிய முனை செயின் ஓடும் திசையை நோக்கி இருக்க வேண்டும், பிளந்த முனை பின்னால் வர வேண்டும். மாறி மாட்டினால் எதிலாவது தட்டிக் கழன்றுவிடும். ஏற்றத்தில் எழுந்து நின்று மிதிக்கும் நேரத்தில் அப்படி நடந்தால் நேராகக் கைப்பிடியில் போய் மோதுவீர்கள். பாஸ் மாட்டித் தந்தாலும் கடையை விட்டுப் புறப்படுமுன் அதை ஒருமுறை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.